ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தால்தான் விடுமுறை: நீலகிரி மழை லீவு, ஆசிரியர்களுக்கான மதிப்புரை

‘கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை.’ ராத்திரி ஒன்பது மணி வாக்கில் இந்த ஒரு வரி ஆசிரியர் குழுவில் வந்ததும் ஊட்டியிலும் குந்தாவிலும் பந்தலூரிலும் எத்தனையோ வீடுகளில் ஒரே காரியம்தான் நடக்கும். ஐந்து மணிக்கு வைத்த அலாரத்தை அணைப்பார்கள். காலைக்கென்று நறுக்கி வைத்த பீன்ஸ் ஃப்ரிட்ஜுக்குப் போகும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்வார். அடுத்த நாள் எப்படிப் போகுமோ, அந்த ராத்திரித் தூக்கம் மட்டும் உறுதி. மலை ஆசிரியருக்கு வருஷத்தில் கிடைக்கும் சந்தோஷங்களில் இதற்கு நிகர் குறைவு. தீபாவளி லீவு நாட்காட்டியில் அச்சடித்து வருவது. இது கேட்காமல் கிடைப்பது.

அரசாங்கம் தரும் ஒரு சேவையாகவே இதை எடுத்துக்கொண்டு, எதில் நன்றாக இருக்கிறது, எங்கே சறுக்குகிறது, கிடைத்த நாளை எப்படி முழுசாக அனுபவிப்பது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊட்டியில் பனிக்கு லீவு விடுவார்களா என்று சமவெளிக்காரர்கள் கேட்பது வழக்கம். இங்கே பனி கொட்டுவதில்லை, உறைகிறது. குளிர்கால மாதங்களில், மேகமும் காற்றும் இல்லாத ராத்திரிகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். விடிந்து பார்த்தால் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெள்ளை வெளேரென்று இருக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்துவிடும். பள்ளி மணி அடிக்கும்போது சுவடுகூட இருக்காது. விறைத்த விரலோடு சாக்பீஸ் பிடிக்க வேண்டியிருக்குமே தவிர, உறைபனிக்கு லீவு கிடைக்காது. மலையில் பள்ளியை நிறுத்துவது மழையும், மழையோடு வரும் காற்றும்தான்.

அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். வானிலை மையத்தின் எச்சரிக்கை ஒரு பக்கம், எங்கே மரம் விழுந்தது, எங்கே மண் சரிந்தது என்று வருவாய்த்துறையிலிருந்து வரும் தகவல் ஒரு பக்கம், இரண்டையும் வைத்துத்தான் முடிவு. இந்தச் சேவையில் ஆகச் சிறந்த அம்சம், தாலுகா வாரியாக லீவு விடும் வழக்கம். ஊட்டி, குந்தா, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று தாலுகா ஆறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் அடி முழுக்க கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம். அந்த நாட்களில் கோத்தகிரியில் சாரலோடு நின்றுவிடும், சில நாள் வெயில்கூட அடிக்கும். அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எல்லாம் தலைகீழ், குன்னூரும் கோத்தகிரியும் மாட்டிக்கொள்ளும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மலை சரிந்து பல உயிர்கள் போனது இந்த மழையில்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது தென்மேற்கு மழை. மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி லீவு விட்டால் மழை இல்லாத தாலுகாவும் ஈடுகட்டும் வகுப்புக்காக ஒரு சனிக்கிழமையை இழக்கும். தாலுகா பார்த்து விடுவதற்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுக்கலாம்.

வானிலை எச்சரிக்கையின் நிறத்தைப் பார்த்து லீவைக் கணிப்பது ஸ்டாஃப் ரூம் வழக்கம். அதில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வானிலை மையத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ஐத் தொட்டால் அதி கனமழை. நிறம் வேறு சங்கதி. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். எவ்வளவு பெய்யும் என்பதோடு, எவ்வளவு நிச்சயம், என்ன பாதிப்பு வரும் என்பதும் சேர்ந்துதான் நிறம் முடிவாகிறது. அந்த நிறமும் மாவட்டத்துக்கு ஒன்றுதான். நீலகிரிக்கு ஆரஞ்சு என்றால் அது பந்தலூர்ப் பக்கத்துத் தேவாலாவை மனதில் வைத்ததா, குன்னூர்ப் பக்கத்துப் பர்லியாறை மனதில் வைத்ததா என்பதை மாதம்தான் சொல்லும். ஆரஞ்சு வந்துவிட்டது, லீவுதான் என்று பாடக்குறிப்பு எழுதாமல் படுப்பவர்கள் காலையில் அவதிப்படுவார்கள்.

இன்னொரு நுணுக்கம். மழைக் கணக்கு காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. இன்று பேப்பரில் வரும் பெரிய எண் முந்தாநாள் காலையிலிருந்து நேற்றுக் காலை வரை பெய்ததாக இருக்கும். அதை வைத்து நாளைய லீவைக் கணக்குப் போட முடியாது. பார்க்க வேண்டியது இரண்டு: மதியத்துக்கு மேல் வரும் அடுத்த நாள் எச்சரிக்கை, அப்புறம் ராத்திரியில் வரும் ‘அடுத்த மூன்று மணி நேரத்தில்’ என்கிற அறிவிப்பு. தமிழக அரசின் டிஎன் அலர்ட் செயலியில் தமிழிலேயே எச்சரிக்கை வருகிறது, தினசரி மழையளவும் கிடைக்கிறது. இருப்பிட அனுமதியைக் கொடுத்தால்தான் உங்கள் ஊர்த் தகவல் வரும். வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலில் வந்தவர்கள் இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இனி நேரம். இந்தச் சேவையின் உயிர் இதில்தான் இருக்கிறது, மதிப்பெண் குறைவதும் இதில்தான். ஒரே லீவு ராத்திரி ஒன்பதுக்கு வருவதும், காலை ஆறுக்கு வருவதும், ஏழரைக்கு வருவதும் ஒன்றாகாது. மூன்றும் மூன்று பொருள்.

ஒன்பது மணி அறிவிப்பில் எல்லாரும் பிழைக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு வந்தால் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குப் பாதி சந்தோஷம் கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருபவருக்கு அதுவும் இல்லை. அவர் அதற்குள் பஸ் ஏறியிருப்பார். பர்லியாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்திருப்பார். இறங்கித் திரும்பலாம் என்றால் கீழே போகும் பஸ் மேலேயிருந்து வந்தாக வேண்டும், நடுவில் எங்காவது மரம் கிடந்தால் அதுவும் வராது. மலை ரயில் இதற்கு உதவாது. காலை 7.10-க்குக் கிளம்பி, பள்ளி தொடங்கிய பிறகுதான் குன்னூர் சேரும். மழை வலுத்தால் அந்தப் பாதையிலும் மண் சரிந்து ரயில் ரத்தாகும்.

ஏழரை மணி அறிவிப்பில் நஷ்டம் ஆசிரியரோடு நிற்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நடக்கிறது. முதல் மணிக்கு முன்பே பிள்ளைகள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், சமையல் செய்யும் அக்கா இருட்டிலேயே வந்து அடுப்பைப் பற்ற வைத்திருப்பார். புதன்கிழமை என்றால் பொங்கல் பாதி வெந்திருக்கும். சத்துணவுக் கூடத்தில் மதியம் கொண்டைக்கடலை புலாவ் என்றால் கடலை முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறியிருக்கும். ஏழரைக்கு லீவு என்றதும் அந்தப் பொங்கலை யார் சாப்பிடுவது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்து சாப்பிட்டுப் போவார்கள். மீதி வீணாகும். கடலையை வடித்து ஈரத் துணியில் கட்டி வைத்தால் மறுநாள் சுண்டலுக்கு ஆகும். இரண்டாவது நாளும் லீவு என்றால் புளித்து வாடை வந்துவிடும். அதனால் ஆரஞ்சு எச்சரிக்கை இருக்கும் ராத்திரியில் சத்துணவு அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்: கடலையை இப்போது ஊறப்போட வேண்டாம், நாளைக்குப் பள்ளி உண்டென்றால் சாம்பார் சாதமாக்கிக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவரும் மேலிடத்தில் கேட்டாக வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும்.

பிள்ளைகள் பக்கமும் இதே கதைதான். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, வரும் பிள்ளைகள் வெளிச்சம் வந்ததும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மேலே சில்வர் ஓக் மரங்கள். பந்தலூர், கூடலூர் பக்கம் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் யானை நிற்பதே தெரியாது. ஏழரைக்கு ஆசிரியருக்குச் செய்தி வரும்போது பிள்ளை பாதி வழியில் இருக்கும். அதன் அம்மா கொழுந்து பறிக்கப் போயிருப்பார், போன் வீட்டில் கிடக்கும். அதனால் வகுப்பாசிரியர் கையில் பெற்றோர் எண் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு லைனுக்கும் வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் எண் வேண்டும், கடைக்காரரோ அங்கன்வாடி அக்காவோ. பருவமழைக்கு முன்பே, ஜூன் முதல் வாரத்தில் இதை எழுதி வைத்துவிட்டால் நாலு போனில் வேலை முடியும். ‘எல்லாருக்கும் லீவு, யாரும் கிளம்ப வேண்டாம்’ என்று லைன் முழுக்கத் தெரிந்த பிறகு குடிக்கும் டீ இருக்கிறதே, அதில்தான் லீவின் ருசியே தெரியும். ஏதாவது பிள்ளை கிளம்பிவிட்டதோ என்கிற நினைப்பு இருந்தால் எந்த ஆசிரியருக்கும் அந்த டீ இறங்காது.

ராத்திரியே முடிவெடுப்பது சுலபம் இல்லை என்பதும் உண்மை. ராத்திரி லீவு விட்டு மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தால் ஊரே பேசும். ஆனாலும் மலையில் ஒரு லீவு வீணாகப் போனால் நஷ்டம் ஒரு சனிக்கிழமைதான். நேரத்துக்கு முன்னால் சொல்வதற்காகத் தப்பாகிப்போன லீவை ஆசிரியர் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நேர விஷயத்தில் பத்துக்கு ஆறு. ராத்திரி ஒன்பதுக்குள் என்று ஒரு வரையறை வந்தால் ஒன்பதாகும்.

அறிவிப்பின் வாசகத்தை முழுசாகப் படிப்பது அடுத்த பாடம். ‘பள்ளிகளுக்கு விடுமுறை’ என்பதும் ‘மாணவர்களுக்கு விடுமுறை’ என்பதும் வேறு வேறு. இரண்டாவது வாசகம் வந்தால் ஆசிரியர்கள் வர வேண்டுமா என்பதைத் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே போர்வையை இழுத்துக்கொள்ளலாம். ‘பள்ளி, கல்லூரி’ என்றிருக்கிறதா, பள்ளி மட்டுமா, அங்கன்வாடி சேர்ந்ததா, எந்தெந்தத் தாலுகா என்றும் பாருங்கள். வீடு ஊட்டித் தாலுகா, பள்ளி குந்தாத் தாலுகா என்றால் பள்ளி இருக்கும் தாலுகாதான் கணக்கு. மஞ்சூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள் இதில் அடிக்கடி குழம்புவார்கள்.

போலி அறிவிப்பு இன்னொரு தொல்லை. போன வருஷத்து டிவி ஸ்க்ரோலைப் படம் பிடித்து அனுப்புவார்கள், அதில் ‘நாளை’ என்று மட்டும் இருக்கும். தேதி இல்லாத ‘நாளை’யை நம்பவே கூடாது. நள்ளிரவு தாண்டிப் பரவும்போது எந்த நாளை என்றே தெரியாது. தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பாருங்கள், ஆட்சியரின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பிள்ளைகளின் குழுவுக்கு அனுப்பலாம். 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் மரம் விழுந்தது, மண் சரிந்தது என்று தகவல் சொல்வதற்கு உள்ளது. லீவு உண்டா என்று கேட்டு அந்த லைனை அடைக்காதீர்கள்.

சரி, லீவு கிடைத்துவிட்டது. என்ன செய்யலாம்? தலைமையாசிரியர் என்றால் வருகைப் பதிவுச் செயலியில் அன்று பள்ளி செயல்படவில்லை என்று காலையிலேயே பதிந்துவிடுங்கள். டவர் போய்விட்டால் சாயங்காலம் வரை அந்த நினைப்பு அரித்துக்கொண்டிருக்கும். போனையும் எமர்ஜென்சி விளக்கையும் முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டுவிட வேண்டும். கற்பூர (யூகலிப்டஸ்) மரக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. விடைத்தாள் கட்டை எடுத்து மேஜையில் வைத்தால் லீவு போய்விடும். திருத்துவதென்றால் பதினொரு மணி வரை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கட்டைத் தொடவே வேண்டாம். டீக்குத் தொட்டுக்கொள்ள வாங்கும் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டைப் பேக்கரிக் காகிதப் பையிலேயே விட்டால் மதியத்துக்குள் நமத்துவிடும். வாங்கியதும் இறுக்கமான டப்பாவில் போட்டால்தான் சாயங்காலம் டீயில் முக்கும்போது மொறுமொறுப்பு மிச்சம் இருக்கும்.

குளிருக்கு 2,000 வாட் ஹீட்டர் ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட். அறைக் கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் போட்டு அணைத்தால் போதும். ஈரத் துணியை ஹீட்டர் மேலேயே போட்டுக் காயவைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். கரியடுப்புக் கணப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள், அதுவும் படுக்கும் அறைக்குள், கொண்டுபோகவே கூடாது. புகை அடங்கிச் செக்கச் செவேலென்று கனல்கிற கரிதான் அதிகம் ஏமாற்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலைக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டில் தனியாக இருக்கும் ஆசிரியைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

லீவின் விலை சனிக்கிழமை. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 200 நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். குறைந்ததை ஈடுகட்டியாக வேண்டும். அந்தச் சனிக்கிழமையில் எந்தக் கிழமையின் பாடவேளை நடக்கிறது என்பது முக்கியம். லீவு விட்ட கிழமையின் கால அட்டவணையையே போட வேண்டும். வசதிக்காக வேறு அட்டவணை போட்டால் பாதிப் பாடங்கள் இரண்டு முறை அடி வாங்கும். அமெரிக்காவில் பனி கொட்டும் பகுதிகளில் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். பனி லீவுக்கென்று சில நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் சேர்த்துவிடும் பள்ளி மாவட்டங்கள் அங்கே பல. இரவு உடையை உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போட்டு, தலையணைக்கு அடியில் கரண்டி வைத்துப் படுத்தால் காலையில் பனி கொட்டும் என்று பிள்ளைகள் நம்புவார்கள். ஆசிரியர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். நீலகிரி நாட்காட்டியிலும் தாலுகாவுக்கு நான்கைந்து மழை நாட்கள் முன்கூட்டியே இருந்தால் சனிக்கிழமைச் சண்டை பாதி தீரும்.

லீவுக்குப் பதில் ஆன்லைன் வகுப்பு என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2024 பிப்ரவரி 13 அன்று பனிப்புயலுக்காக அப்படித்தான் செய்து பார்த்தன. காலையில் பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. அவ்வளவு வசதியுள்ள ஊரிலேயே அந்த நிலை. மின்சாரமும் டவரும் மழையோடு சேர்ந்தே போகும் பந்தலூர்ப் பக்கத்து எருமாட்டிலும் சேரம்பாடியிலும் அது நடக்காது. பள்ளிச் சாப்பாடும் இல்லாமல், வகுப்பும் கிடைக்காமல் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். லீவு என்றால் லீவாகவே விடுவதுதான் சரி.

மழை விட்ட மறுநாள்தான் அதிகக் கவனம் வேண்டிய நாள். மண் ஊறிக் கிடக்கும், வானம் தெளிந்திருக்கும், லீவு இருக்காது. வேர் ஆழமாகப் போகாத சீகை (வாட்டில்) மரங்கள் காற்றே இல்லாமல் சாய்வது இப்படிப்பட்ட நாளில்தான். லீவு விடுவதை முடிவு செய்யும்போது நேற்றைய மழையோடு தொடர்ந்து மூன்று நாள் பெய்ததையும் கூட்டிப் பார்ப்பது அவசியம். அது நடக்காத நாளில் பொறுப்பு பள்ளியின் தலையில் வருகிறது. பிள்ளைகள் வருவதற்கு அரைமணி முன்னால் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். மரத்தின் அடியில் மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் மேலெழும்பியிருக்கிறதா? பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரில் துளைகள் இருக்கும். இத்தனை மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் வடியவே இல்லையென்றால் துளை அடைத்துக்கொண்டு, சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாமல் உடனே தகவல் சொல்லுங்கள். இருபதுக்கு இருபது அடி வகுப்பறைக் கூரை ஏறக்குறைய 37 சதுர மீட்டர். 20 செ.மீ. மழைக்கு அதன்மேல் 7,400 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கும். கூரைத் தகரக் குழாயில் கற்பூர இலை அடைத்திருந்தால் அவ்வளவும் சுவரின் அடியில்தான் இறங்கியிருக்கும். உள்ளே போய்ச் சுவரின் கீழ் இரண்டடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை ஈரமானாலோ, புதிதாக விரிசல் தெரிந்தாலோ, மெயின் சுவிட்ச் பலகை நனைந்திருந்தாலோ எதையும் தொடாமல் அந்த அறையைப் பூட்டிவிடுங்கள். இரண்டு வகுப்பையும் பக்கத்து அறையில் ஒன்றாக உட்காரவைத்து, குடைகளை வராந்தாவில் விரித்து வைக்கச் சொல்லிவிட்டு முதல் பாடவேளையைத் தொடங்கலாம்.